பேரேட்டை யார் கையில் கொடுப்பது?



மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது, தலைமைப் பண்பு பற்றி நாலு பக்கம். பயிற்சிகளில் அதை நாம் எத்தனையோ தடவை கேட்டாச்சு. சார்ட் பேப்பரில் எழுதிச் சுவரில் ஒட்டி, மத்தியானம் சாம்பார் சாதம் சாப்பிட்டு வீட்டுக்கும் வந்தாச்சு. அந்தப் பட்டியலை மறுபடி எழுத எனக்கு மனசு வரவில்லை. வேறு வேறு தொழிலில் கை பழுத்த சிலர், தங்கள் வேலையை எப்படி நடத்தினார்கள், நடத்தியதை எப்படி அடுத்தவர் கையில் கொடுத்தார்கள் என்ற வரலாற்றை எழுதுகிறேன். அதில் பாதிப் பேர் நம்ம மலையிலும் அடிவாரத்திலும் வாழ்ந்தவர்கள்தான்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். மூத்த உறுப்பினர்களுக்குத் தெரியும். புதுசாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியாது.

நான் செயலாளராகி ஏழாவது வருஷம். கார்த்திகை மாசம், காப்பிப் பழம் எடுக்கிற நேரம். சரிவில் மூட்டையோடு இறங்கும்போது வழுக்கி விழுந்து வலது கால் முறிந்துவிட்டது. அடிவாரத்தில் ஆஸ்பத்திரி, அப்புறம் தங்கச்சி வீடு என்று மூணு மாசம் படுக்கை. அந்தச் சமயம் பார்த்து ஒன்பது குழுக்களுக்கு வங்கிக் கடன் வரவேண்டியிருந்தது. ரொக்கப் புத்தகமும் பேரேடும் என் வீட்டுத் தகரப் பெட்டியில். பெட்டிச் சாவி என் இடுப்பில். சாவியைக் கொடுத்துவிட்டேன், அது பிரச்சினையில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தால் நாலு மாசக் கணக்கு எழுதவே இல்லை. எல்லாம் என் தலைக்குள் இருந்தது. யார் எவ்வளவு கட்டினார்கள், எந்தக் குழுவுக்கு எவ்வளவு உள்கடன் நிற்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அதைப் பெருமையாகவும் நினைத்துக்கொண்டிருந்தேன். வங்கி மேலாளருக்கு என் தலை எதற்கு? அவருக்குப் புத்தகம் வேண்டும்.

கடன் நாலு மாசம் தள்ளிப்போனது. அதில் ஒரு சகோதரி, மகளுக்குக் கல்லூரிப் பணம் கட்டவேண்டிய கட்டாயத்தில், வெளியே நூற்றுக்கு அஞ்சு வட்டிக்கு இருபதாயிரம் வாங்கினார். நாலு மாசத்தில் நாலாயிரம் ரூபாய் வட்டி மட்டும். கட்டுப் பிரித்து நான் ஊருக்கு வந்ததும் என்னைப் பார்க்க வந்தார். கோபப்படவில்லை. "அக்கா, ஒடஞ்சது ஒங்க காலு. நொண்டினது நாங்க எல்லாரும்" என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த முட்டையை வைத்துவிட்டுப் போனார். அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

இப்படி ஆனதற்கு என் குணம் மட்டும் காரணம் என்று சொல்லமாட்டேன். நம் குழுக்களின் வரலாற்றிலேயே அதற்கு ஒரு வேர் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அரசு சுயஉதவிக் குழுக்களைத் தொடங்கியது. 1992-ல் நபார்டு வங்கி, குழுக்களை வங்கியோடு இணைக்கும் சோதனையைத் தொடங்கியது. 1997-98-ல் மகளிர் திட்டம் வந்தது. ஆரம்பத்தில் பல ஊர்களில் தொண்டு நிறுவனத்து ஆட்கள்தான் கணக்கு எழுதிக் கொடுத்தார்கள். நாம் கையெழுத்தோ கைநாட்டோ போட்டோம். அப்புறம் "நீங்களே எழுதுங்க" என்று புத்தகத்தைக் கொடுத்தபோது, குழுவில் யாருக்கு எழுத்து நன்றாக வருமோ அவர் மடியில் அது விழுந்தது. எங்கள் பக்கம் அது நான். எட்டாவது வரை படித்திருந்தேன். விழுந்த புத்தகத்தை நான் கீழேயே வைக்கவில்லை.

கால் சரியான அடுத்த வருஷம், கூட்டமைப்பில் பயிற்சிப் பயணம் போனோம். வழக்கமாக வேறு கூட்டமைப்பைத்தான் போய்ப் பார்ப்போம். அந்தத் தடவை பொருளாளர் மதினி ஒரு யோசனை சொன்னார்: "குழுவையே எத்தனை நாளு பாக்குறது? வேற வேல செய்யறவங்க எப்படி நடத்துறாங்கன்னு பாப்போம்." ஒரு நாள் கொடைக்கானல், ஒரு நாள் காந்திகிராமம் என்று முடிவாயிற்று. கொடைக்கானலில் ஏரி, பூங்கா பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் பாதிப் பேர் நினைத்தார்கள். நானும் அப்படித்தான்.

கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம் என்ற பலகையை நாம் எல்லோரும் பார்த்திருப்போம். உள்ளே போனவர்கள் குறைவு. அது ஏன் அங்கே வந்தது என்று தெரிந்தால் நமக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பது புரியும். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவில் பெரும் பஞ்சம். தாது வருஷத்துப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொன்னது அதைத்தான். லட்சக்கணக்கில் மக்கள் செத்தார்கள். மழை ஏன் பொய்க்கிறது, சூரியனைத் தொடர்ந்து பார்த்தால் பருவமழையைப் பற்றி ஏதாவது தெரியுமா என்ற கேள்வி அதற்குப் பிறகு எழுந்தது. சூரியனை ஆராய ஒரு தனி இடம் வேண்டும் என்று 1893-ல் முடிவெடுத்தார்கள். அப்போது சென்னை வானாய்வகத்தில் இருந்த மிச்சி ஸ்மித், நீலகிரியையும் நம் பழனி மலையையும் பார்த்து, தூசியில்லாத காற்றும் தெளிந்த வானமும் உள்ள இடமாகக் கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். 1899-ல் ஆய்வுக்கூடம் இங்கே வந்தது. 1901-ல் சூரியனைப் பார்க்கும் வேலை தொடங்கியது. மேகம் மறைக்காத நாளெல்லாம் சூரியனைப் படம் எடுக்கும் பழக்கம் 1900-களின் தொடக்கத்தில் ஆரம்பித்து, நூறு வருஷத்தைத் தாண்டி நடந்திருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். மழையைச் சூரியனில் தேடிப் போனவர்களுக்கு, அடுத்த வருஷம் மழை வருமா வராதா என்று சொல்லும் சூத்திரம் கையில் கிடைத்துவிடவில்லை. ஆனாலும் படத்தை நிறுத்தவில்லை. இன்றைக்கு உலகத்தில் சூரியனைப் பற்றி ஆராய்கிறவர்களுக்கு நூறு வருஷத்துச் சூரியன் வேண்டுமென்றால் கொடைக்கானல் பதிவு ஒரு பெரிய சொத்து. பழைய கண்ணாடித் தகடுகளில் இருந்த படங்களைக் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள்.

அதைவிட எனக்குப் பெரிசாகப் பட்டது வேறொன்று. அங்கே பொறுப்பில் இருந்தவர்களின் பெயர்களை வரிசையாகப் பாருங்கள். 1911 வரை மிச்சி ஸ்மித். பிறகு ஜான் எவர்ஷெட், 1923 வரை. அப்புறம் ராய்ட்ஸ். 1937-ல் ஏ. எல். நாராயண், முதல் இந்திய இயக்குநர். 1946-ல் ஏ. கே. தாஸ். 1960-ல் வைணு பாப்பு. வெள்ளைக்காரன் ஆட்சி போய்ச் சுதந்திரம் வந்தது, நடுவில் இரண்டு உலகப் போர் வந்தது. நாற்காலியில் ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள். வருகிறவர், முன்னால் இருந்தவர் விட்ட இடத்திலிருந்து எடுத்தார். ஏனென்றால் விட்ட இடம் எது என்று பதிவில் இருந்தது. நான் விழுந்தபோது என் விட்ட இடம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

எவர்ஷெட் 1909-ல் ஒரு முக்கியமான கண்டுபிடிப்பு செய்தார். சூரியனில் தெரியும் கரும்புள்ளியின் ஓரங்களில் வாயு வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று கண்டார். இன்றும் உலகம் முழுவதும் அதற்கு அவர் பெயர்தான். அவர் மனைவி மேரியும் வானியல் தெரிந்தவர். 1907-ல் இருவரும் சேர்ந்துதான் கொடைக்கானலுக்கு வந்தார்கள். சூரியன் விளிம்பில் எழும் தீப்பிழம்புகளைப் பற்றி 1917-ல் இருவர் பெயரிலும் பெரிய அறிக்கை வெளிவந்தது. வேலை பார்த்தது இரண்டு பேர்; பதவி ஒருவருக்கு. நம்ம காப்பித் தோட்டம் மாதிரிதான். களை எடுக்க, பழம் பறிக்க, காயப்போட நாம். பட்டா மட்டும் ஒருத்தர் பேரில். இதைப் பஸ்ஸில் வரும்போது சொன்னேன், சிரிப்பு அடங்கப் பத்து நிமிஷம் ஆனது.

வைணு பாப்பு பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. சூரியனைப் பார்க்கக் கொடைக்கானல் போதும், நட்சத்திரம் பார்க்க வேறு இடம் வேண்டும் என்று தேடி, ஜவ்வாது மலையில் காவலூரைக் கண்டுபிடித்தார். அங்கே நம் நாட்டிலேயே செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கியை நிறுவப் பாடுபட்டார். 1982-ல் இறந்துவிட்டார். தொலைநோக்கி 1986-ல்தான் வேலைக்கு வந்தது. அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். அவர் தலைக்குள் மட்டும் அந்தத் திட்டம் இருந்திருந்தால் நாலு வருஷம் கழித்து யார் முடித்திருப்பார்கள்?

மறுநாள் காந்திகிராமம். அங்கே போனால் டாக்டர் சௌந்தரம் அம்மாவைப் பற்றிப் பேசாமல் வர முடியாது. டி. வி. சுந்தரம் ஐயங்காரின் மகள், டி.வி.எஸ். பஸ் கம்பெனிக் குடும்பம். 1904-ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே கல்யாணமாகி, சின்ன வயதிலேயே கணவரை இழந்தார். அந்தக் காலத்தில், அந்த மாதிரிக் குடும்பத்தில், விதவைப் பெண் என்றால் ஒரு மூலைதான். அவர் டெல்லிக்குப் போய் லேடி ஹார்டிங்கே மருத்துவக் கல்லூரியில் படித்து 1936-ல் டாக்டரானார். பிறகு 1940-ல் ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். சாதியும் வேறு, ஊரும் வேறு. காந்தியடிகளின் ஆசியோடு நடந்த கல்யாணம்.

1947-ல் சின்னாளபட்டி பக்கத்தில் காந்திகிராமத்தை இருவரும் தொடங்கினார்கள். டாக்டர் என்ன செய்வார் என்று நாம் நினைப்போம்? ஆஸ்பத்திரி கட்டி உட்காருவார். அதுவும் செய்தார், சின்னதாக ஆரம்பித்ததுதான் இன்றைய கஸ்தூர்பா மருத்துவமனை. ஆனால் ஒரு டாக்டரால் எத்தனை கிராமத்தைப் பார்க்க முடியும்? தமிழ்நாட்டில் கஸ்தூர்பா அறக்கட்டளையின் பொறுப்பு அவரிடம் இருந்தது. கிராமத்துப் பெண்களையே கூட்டிவந்து கிராம சேவிகைகளாகப் பயிற்சி கொடுத்து ஊர்களுக்கு அனுப்பினார். தன் வேலையில் எதையெல்லாம் இன்னொரு பெண்ணால் செய்ய முடியுமோ, அதைக் கற்றுக்கொடுத்து விட்டுவிட்டார். பிறகு சட்டமன்றம், 1962-ல் திண்டுக்கல்லில் இருந்து நாடாளுமன்றம், மத்தியில் கல்வித் துணை அமைச்சர். அதே வருஷம் பத்மபூஷண். அவர் டெல்லியில் இருந்தபோது இங்கே வேலை நிற்கவில்லை. 1984-ல் அவர் காலமான பிறகும் நிற்கவில்லை. திண்டுக்கல் போகும் வழியில் காந்திகிராமம் ஸ்டாப்பில் இறங்குகிற பிள்ளைகளின் கூட்டத்தைப் பார்த்தாலே தெரியும்.

அவர் வளர்த்துவிட்டவர்களில் ஒருவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். நம் மலை அடிவாரத்தில் பட்டிவீரன்பட்டி பக்கம், நிலமில்லாத தலித் குடும்பத்தில் 1926-ல் பிறந்தவர். மதுரையில் படித்த காலத்தில் சௌந்தரம் அம்மாவின் ஆதரவு அவருக்குக் கிடைத்தது. 1968-ல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு, கணவரோடு தஞ்சைப் பக்கம் போய்விட்டார். 1981-ல் தொடங்கிய லாஃப்டி அமைப்பின் வழியாக நிலமில்லாத பெண்களின் பெயரில் நிலம் எழுதிக் கொடுத்தார்கள். பெண்கள் பெயரில். அதை இன்னொரு தடவை படியுங்கள். எங்களோடு வந்த பெரியம்மா ஒருவர், கடன் தவணையை ஒரு நாளும் தவறவிடாதவர், இதைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை. அவர் வீட்டுப் பட்டா யார் பேரில் இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

டாக்டர், விஞ்ஞானி எல்லாம் படித்தவர்கள், நமக்கு எட்டாது என்று யாராவது சொல்வீர்கள் என்று தெரியும். எனக்கும் அந்த எண்ணம் வந்தது. அப்படியானால் மதுரைப் பக்கத்து சின்னப்பிள்ளையைப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர். கூலிக்கு வயல் வேலை செய்தவர். நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் கொத்துத் தலைவி. களஞ்சியம் மகளிர் இயக்கத்தில் தலைவியாக வளர்ந்தார். 2001-ல் டெல்லியில் ஸ்திரீ சக்தி விருது வாங்கியபோது பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டார். டிவியில் பார்த்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். 2019-ல் பத்மஸ்ரீ.

காலைத் தொட்டதையே எல்லோரும் பேசுகிறோம். நான் கொத்துத் தலைவி என்ற தொழிலைப் பேச விரும்புகிறேன். நம் மலையில் காப்பித் தோட்டத்துக்கு ஆள் கூட்டிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்கள். நாளைக்கு எத்தனை பேர் வேண்டும், யார் வருவார், யாருக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல், யாரால் சரிவில் நிற்க முடியாது, அவரை எங்கே விடலாம், முதலாளியிடம் கூலியை எப்போது பேசவேண்டும், பழம் பழுத்து நிற்கிறபோதா, பறித்து முடிந்த பிறகா? இதெல்லாம் தெரியாமல் ஒரு நாள் கூட ஓட்ட முடியாது. சாயங்காலம் கூலியைப் பிரிக்கும்போது எல்லார் கண்ணுக்கும் முன்னால் வைத்துத்தான் பிரிக்கவேண்டும். ஒரு ரூபாய் மறைத்தாலும் மறுநாள் ஆள் வராது. பேரேடு எழுதத் தெரியாதவருக்குக் கணக்கு இப்படித்தான் காப்பாற்றப்பட்டது: பத்துப் பேர் பார்க்க, பத்துப் பேர் வாயால் சொல்ல. என் தகரப் பெட்டியை விட அது பாதுகாப்பு. அன்றிலிருந்துதான் நம் மாதக் கூட்டத்தில் வரவு செலவைச் சத்தமாகப் படித்து, ஒவ்வொரு குழுப் பிரதிநிதியும் தன் தொகையைத் திருப்பிச் சொல்லும் வழக்கம் வந்தது. "பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க மாதிரி இருக்கு" என்று முதலில் எல்லோரும் கேலி செய்தீர்கள். இப்போது ஒரு மாதம் படிக்காமல் விட்டால் சண்டைக்கு வருகிறீர்கள்.

எலா பட் அம்மாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் குஜராத்தில் வக்கீல். தலைச்சுமைக்காரப் பெண்களும் தெருவில் விற்கிற பெண்களும் சேர்ந்த சேவா சங்கத்தை 1972-ல் அகமதாபாத்தில் தொடங்கினார். இந்தப் பெண்களுக்குக் கடன் தர வங்கிகள் யோசித்தபோது, 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு 1974-ல் சொந்தமாகவே கூட்டுறவு வங்கி தொடங்கினார்கள். சட்டம் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் பத்து ரூபாய்க்கும் வழி பிறக்கும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். 1996-ல் அவர் பொதுச்செயலாளர் பொறுப்பிலிருந்து விலகினார். இதைக் கூட்டத்தில் நான் சொன்னதும் ஒரு குழுத் தலைவி உடனே, "அவுங்களே இருவத்து நாலு வருஷம் இருந்திருக்காங்க, நீங்க பன்னெண்டுதானக்கா ஆச்சு, இன்னும் பன்னெண்டு இருங்க" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். பொய் சொல்லக்கூடாது. செயலாளர் என்றால் வங்கியில் நாற்காலி போடுகிறார்கள். ஊராட்சியில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். வீட்டிலும் ஒரு மரியாதை வந்திருக்கிறது. அதை விட்டுவிட்டுப் போவது லேசில்லை. தலைமையைப் பற்றி எந்தப் பயிற்சியிலும் இதைச் சொல்லித் தரவில்லை.

ஆனால் கையைத் தட்டியவர்கள் நடுவில் அந்த நாலாயிரம் ரூபாய் வட்டி கட்டிய சகோதரியும் இருந்தார். அவர் கைதட்டவில்லை.

அதனால்தான் இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது நான் செயலாளராக இருக்கமாட்டேன். போன வைகாசியிலிருந்து இரண்டு பேரைப் பக்கத்தில் உட்கார வைத்து எழுதினோம். ஒருத்தி கல்லூரி முடித்தவள். இன்னொருத்தர் நாற்பத்தைந்து வயதில் இரவுப் பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றவர். கல்லூரிப் பெண் வேகம், ஆனால் பதறுவாள். மற்றவர் மெதுவாக எழுதுவார், அடித்தல் திருத்தல் இருக்காது. ஒருவர் எழுத, மற்றவர் சரிபார்க்க என்று வைத்திருக்கிறோம். மாதம் மாறினால் வேலையும் மாறும். வங்கிக்கு மூன்று பேரும் போனோம். நான் வேண்டுமென்றே வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று எட்டிப் பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு பழனி முருகனுக்குத்தான் தெரியும்.

புத்தகங்களை ஒப்படைத்த முதல் வாரமே அந்தப் பெண், பழைய பேரேட்டைப் புரட்டி, "சின்னம்மா, இங்க முந்நூத்தி நாப்பது ரூவா உதைக்குதே" என்றாள். நான் விழுந்த வருஷம், எழுதாமல் விட்ட அந்த நாலு மாசத்துப் பக்கம். பின்னால் ஞாபகத்திலிருந்து எழுதிச் சேர்த்தது. என் ஞாபகம் தப்பாது என்று அதுவரை நம்பியிருந்தேன். இரண்டு ராத்திரி உட்கார்ந்து பார்த்தோம், பிடிபடவில்லை. அந்த வருஷம் கார்த்திகையிலிருந்து மாசி வரை சேமிப்போ சந்தாவோ கட்டியதற்குச் சீட்டு வைத்திருப்பவர்கள், அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது எடுத்துக்கொண்டு வாருங்கள். புதுச் செயலாளரிடம் கொடுங்கள், என்னிடம் வேண்டாம்.